ஒரே தட்டு, இரண்டு கட்சி



அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பால்மரம் இந்த மண்ணுக்கு வந்த கதையும், சஞ்சிக்கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் கதையும் நமக்குத் தெரியும். பாட்டுக் கேட்பவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வழக்குகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் அந்த வழக்கு நம் ஒவ்வொரு வீட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இன்றைய பேச்சுக்கு அதையே பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் காஹாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அங்குள்ள குடும்பங்களில் அப்பாவுக்கு டி.எம். சௌந்தரராஜன் குரல் வேண்டும். அம்மாவுக்கு பி. சுசீலா. மூத்த பிள்ளைக்கு இளையராஜா. இளைய பிள்ளைக்கோ மேளமும் மின்கித்தாரும் அதிர வேண்டும். "இதெல்லாம் ஒரு பாட்டாடா? தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு" என்பார் அப்பா. "உங்க பாட்டு தூங்குறதுக்குத்தாம்பா நல்லாயிருக்கும்" என்பான் மகன். காஹாங்கில் மட்டுமா இப்படி? சிகாமட்டிலும் சுங்கை சிப்புட்டிலும் இதே கதைதான். சென்னையிலும் லண்டனிலும்கூட இதே கதைதான்.

இந்தச் சண்டையில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி வரும். "எனக்கு அது பிடிக்கவில்லை" என்பது ஒன்று. "அது பாட்டே இல்லை" என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை வரலாறு எப்படிக் காட்டுகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

முதலில், இந்த வழக்குகள் எப்போது தொடங்கின? ஒரு காலத்தில் பாட்டு என்பது பாடிய இடத்தோடு முடிந்துவிடும். கோயில் திருவிழாவில் ஒருவர் பாடினால், அங்கே இருந்தவர்கள் மட்டுமே கேட்டார்கள். தஞ்சாவூரில் கேட்டதைப் பற்றி ஜொகூரில் இருப்பவர் வாதாட முடியாது. அவர் அதைக் கேட்டதே இல்லை. 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிவுசெய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். அதன்பின் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் தட்டில் பதிவாயிற்று. அப்போதுதான் ஒரே குரலை, ஒரே மூச்சை, ஆயிரம் ஊர்களில் ஆயிரம் பேர் கேட்கும் நிலை வந்தது. ஆயிரம் பேர் ஒன்றையே கேட்டால் ஆயிரம் கருத்து எழத்தானே செய்யும்!

அந்தப் பழைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடந்தான் பாட்டு இருக்கும். பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம்போன்ற அட்டைப் புத்தகத்தில் அடுக்கி விற்றார்கள். அதனால்தான் பாட்டுத் தொகுப்புக்கு இன்றும் ஆல்பம் என்று பெயர். 1948ஆம் ஆண்டில் நெடுந்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியது. 1963ஆம் ஆண்டில் ஒலிநாடா என்னும் கேசட் வந்தது. தனிப் பாட்டு நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியோடு, தொகுப்பு முழுவதும் எப்படி என்ற கேள்வியும் பிறந்தது.

தமிழ் ரசிகர்களின் பெரிய வழக்கு ஒன்று 1940களில் நடந்தது. ஒரு பக்கம் எம்.கே. தியாகராஜ பாகவதர், மறுபக்கம் பி.யு. சின்னப்பா. இருவரும் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்கள். பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. சின்னப்பாவோ 1940ஆம் ஆண்டின் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடமிட்டு மக்களை வியக்க வைத்தார். ஒருவரின் ரசிகர் மற்றவரின் படத்தைப் பார்க்க மாட்டேன் என்று நிற்கும் அளவுக்குக் கட்சி முற்றியது.

இருதரப்பாரும் உண்மையில் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை. பாகவதர் கட்சி கேட்டது குரலின் இனிமையை. சின்னப்பா கட்சி கேட்டது பாட்டு, நடிப்பு, சண்டை எல்லாம் சேர்ந்த திறமையை. ஒருவர் அளந்தது படியால். மற்றவர் அளந்தது முழக்கோலால். பிறகு கணக்கு எப்படி ஒத்துப்போகும்? 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்ததால், புதிய தட்டுகளும் படங்களும் போருக்குப் பின்னரே இங்கே மீண்டும் வரத் தொடங்கின. வந்தபோது பாட்டோடு கட்சியும் சேர்ந்தே வந்தது.

அதே காலத்தில் வேறொரு வழக்கும் எழுந்தது. கச்சேரி மேடையில் பெரும்பாலும் தெலுங்கு, சமஸ்கிருதப் பாடல்களே ஒலிக்கின்றன, தமிழ் கேட்பவனுக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டாமா என்று கேட்டது தமிழிசை இயக்கம். 1941ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. இராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். கல்கியும் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரும் தோள்கொடுத்தார்கள். இசைக்கு மொழி தடையல்ல என்றார்கள் மறுதரப்பினர். 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. கேட்பவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு என்பதை அந்த இயக்கம் நிலைநாட்டியது.

ரசிகர்களின் வழக்கில் அரசாங்கமே நடுவராக வந்து உட்கார்ந்த கதையும் உண்டு. 1952ஆம் ஆண்டில் இந்தியாவின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரம் குறைந்தவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகி மறைந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957ஆம் ஆண்டில் விவித பாரதி தொடங்கி, திரைப்பாட்டு இந்திய வானொலிக்குத் திரும்பி வந்தது. "அது பாட்டே இல்லை" என்ற வாக்கியத்தை அமைச்சரே சொன்னாலும் மக்கள் காதில் ஏறவில்லை.

இனி, இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருவோம்.

1976ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இளையராஜா அறிமுகமானார். கிராமத்து மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றார். பத்து ஆண்டுகளுக்குப்பின், 1986ஆம் ஆண்டில், திரைப்படத்தோடு தொடர்பே இல்லாத ஓர் ஆல்பத்தை வெளியிட்டார். அதன் பெயர் 'ஹவ் டு நேம் இட்'. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று பொருள். பாடகர் இல்லை, பாட்டு வரிகள் இல்லை, கதாநாயகன் இல்லை. இசை மட்டுமே. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நடக்க, மற்ற இசைக்கருவிகள் கூட வருகின்றன.

அந்த ஆல்பத்தை அவர் இருவருக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர். மற்றவர் ஜெர்மானிய இசைமேதை பாக். பாக் 1750ஆம் ஆண்டில் மறைந்தார். தியாகராஜர் பிறந்தது 1767ஆம் ஆண்டில். ஒருவரையொருவர் கண்டறியாத இருவரை, இருநூறு ஆண்டுகளுக்குப்பின் ஒரு தமிழர் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். அந்த ஆல்பத்தின் ஒரு பகுதிக்குப் பெயரே 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்பதுதான். அதில் பாக் எழுதிய வயலின் இசையும் நம் இராக இசையும் சேர்ந்து ஒலிக்கின்றன.

இதில் வழக்குக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விளக்கிச் சொல்வோம்.

நம் மரபில் இசை ஒரே கோடாக ஓடும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இரண்டு நாதசுரம் வாசித்தாலும், இருவரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். இராகத்தின் உயிர் அதன் வளைவிலும் அசைவிலும் இருக்கிறது. பாக்கின் இசை அப்படியல்ல. அதில் பல கோடுகள் ஒரே நேரத்தில் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக ஒரு பாட்டைத் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். முதல் வரிசை ஓர் அடி பாடி முடித்ததும் இரண்டாம் வரிசை தொடக்கத்திலிருந்து பாடும். பிறகு மூன்றாம் வரிசை சேரும். எல்லாம் கலந்தும் குழப்பம் வராது. அந்த முறையை மிக நுட்பமாக வளர்த்தெடுத்ததே ஃபியூக் என்னும் அமைப்பு. ஒரே கோடாக ஓடும் இராகத்தைப் பல கோடாக ஓடும் அமைப்புக்குள் எப்படி அடக்குவது? இதுவே இளையராஜா எடுத்துக்கொண்ட சோதனை.

ரசிகர்கள் பிரிந்தார்கள். "வரி இல்லாத இசையை வைத்துக்கொண்டு நான் என்ன முணுமுணுப்பது?" என்றார் திரைப்பாட்டுப் பிரியர். "இராகத்தைக் கூட்டிசையில் கட்டினால் அதன் அசைவு மங்கிவிடுமே" என்றார் மரபிசை அறிந்தவர். "நம்மவர் ஒருவர் உலகத் தரத்தில் செய்திருக்கிறார், இது போதாதா?" என்றார் இன்னொருவர். மூவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் கூடப் பாடுவதற்குப் பாட்டுக் கேட்டார். இரண்டாமவர் மரபு கெடாமல் இருக்கக் கேட்டார். மூன்றாமவர் புதுமையையும் பெருமையையும் கேட்டார்.

அந்த ஆல்பம் திரைப்பாட்டுப்போல் தெருவெல்லாம் ஒலிக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. 1988ஆம் ஆண்டில் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவுடன் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 2005ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் 'திருவாசகம்' வந்தது. 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை இசைத்தது. ஒவ்வொரு முறையும் பழைய வழக்கு புதிதாக எழுந்தது. அந்த 1986ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு பகுதியின் பெயர் 'ஒப்பிடாதே' என்பதாகும். ஆனால் ஒப்பிடாமல் இருக்க ரசிகனால் முடிகிறதா?

ஒப்பிடுவது எப்படி என்பதற்கு நல்ல பாடம் ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டில் 'ரோஜா' படத்தின் பாடல்களோடு ஏ.ஆர். ரகுமான் வந்தார். இளமையில் இளையராஜாவின் குழுவிலேயே இசைப்பலகை வாசித்தவர் அவர். அதே ஆண்டில் இளையராஜாவின் 'தேவர் மகன்' வந்தது. இந்திய அரசின் தேசிய விருதுக்கு இரண்டும் போட்டியிட்டு, நடுவர்களின் வாக்கு இரண்டுக்கும் சமமாகப் பிரிந்தது. தேர்வுக்குழுத் தலைவர் இயக்குநர் பாலு மகேந்திரா. அவருடைய படங்களுக்கு இசை இளையராஜா. நட்பும் நெருக்கமும் ஒரு பக்கம். ஆயினும் அவர் தம் வாக்கைப் புதியவரான ரகுமானுக்கு அளித்தார். அதன் பிறகும் அவர் இளையராஜாவை விட்டு விலகவில்லை. 2013ஆம் ஆண்டில் வந்த அவருடைய கடைசிப் படமான 'தலைமுறைக'ளுக்கும் இளையராஜாதான் இசை. ஒன்றைச் சிறந்தது என்று சொல்ல, மற்றொன்றைக் குப்பை என்று சொல்லத் தேவையில்லை. நண்பனை இழக்கவும் தேவையில்லை.

இப்போது கடல் கடந்து பார்ப்போம். மேல்நாட்டில் 1980களிலும் 1990களிலும் 'மாற்று ராக்' என்று ஒரு வகை இசை வளர்ந்தது. பெரிய கம்பெனிகள் விற்ற மெருகேறிய பாட்டுக்கு மாற்றாக, சிறிய கம்பெனிகளிலும் மாணவர் வானொலிகளிலும் வளர்ந்த கித்தார் இசை இது. நம் இளைய பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதில் இதுவும் உண்டு. இதன் ரசிகர்கள் போட்ட சண்டையைக் கேட்டால் நம் வீட்டுச் சண்டைபோலவே இருக்கும்.

1991ஆம் ஆண்டில் அயர்லாந்தைச் சேர்ந்த 'மை பிளடி வேலண்டைன்' குழு 'லவ்லெஸ்' என்னும் ஆல்பத்தை வெளியிட்டது. கித்தார் ஒலியை அடுக்கடுக்காகச் சேர்த்து, குரலை அதற்குள் புதைத்து வைத்தார்கள். விமர்சகர்கள் மிகவும் பாராட்டினார்கள். பலர் "சொல்லே காதில் விழவில்லையே" என்றார்கள். நம் வீட்டில் அப்பா சொல்லும் குறையும் இதுதானே!

அதே ஆண்டில் அமெரிக்காவின் 'நிர்வாணா' குழு 'நெவர்மைண்ட்' ஆல்பத்தை வெளியிட்டது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மகிழ வேண்டிய பழைய ரசிகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். "எங்கள் இசையைப் பளபளவென்று தேய்த்து எல்லாருக்கும் விற்றுவிட்டார்கள்" என்பது அவர்களின் குறை. பாடகர் கர்ட் கோபேனுக்கே அந்த மெருகு பிடிக்கவில்லை. 1993ஆம் ஆண்டில் வந்த அடுத்த ஆல்பத்தைக் கரடுமுரடாகப் பதிவுசெய்தார்கள். ஊரெல்லாம் விரும்பியதால் ஒன்றை வெறுப்பதும் ரசிகர் குணந்தான்.

இங்கிலாந்தின் 'ரேடியோஹெட்' குழுவின் வழக்கு இன்னும் பெரிது. 1997ஆம் ஆண்டில் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' அவர்களுக்குப் பெரும்புகழ் தந்தது. அதேபோல் இன்னொன்றை எதிர்பார்த்தார்கள் ரசிகர்கள். 2000ஆம் ஆண்டில் வந்ததோ 'கிட் ஏ'. கித்தார் பெரும்பாலும் பின்னே போய், மின்னணுக் கருவிகளின் ஒலி முன்னே வந்திருந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

நிக் ஹார்ன்பி என்னும் ஆங்கில எழுத்தாளர் அப்போது ஓர் அமெரிக்க ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் கருத்து நம் தோட்டக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. இத்தகைய ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பொருள் தேடப் பொறுமையும் பக்தியும் வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யத் தொடங்கியவனுக்கு அவை இரண்டும் குறைந்துவிடுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, வெயிலிலும் மழையிலும் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு இது புரியும். அவருக்கு மாலையில் வேண்டியது ஆறுதல். "இந்தப் பரீட்சை எனக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எந்த விமர்சகரும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உழைப்பவனுக்குப் பொறுமை கிடையாது என்று சொன்னால் நம் முன்னோர் சிரிப்பார்கள். நாளெல்லாம் உழைத்தவர்கள்தாம் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தார்கள். மணிக்கணக்கில் உடுக்கைப் பாட்டுக் கேட்டார்கள். பொறுமையைக் கூலி தின்றுவிடுவதில்லை. எதற்குப் பொறுமை காட்டுவது என்பதை அவரவர் தேர்ந்துகொள்கிறார்கள். 'கிட் ஏ' ஆல்பமோ சில இடங்களில் ஏசப்பட்டாலும், பத்தாண்டு முடிவில் அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அதனை அந்தப் பத்தாண்டின் முதல் ஆல்பமாக வரிசைப்படுத்தியது. இன்றும் அதைச் சகிக்க முடியாத ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களும் தோற்றுப்போனவர்கள் அல்லர். "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற வாக்கியத்தை எந்தக் காலமும் பொய்யாக்குவதில்லை. "அது இசையே இல்லை" என்றவர்களைத்தான் காலம் திருத்தியது.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1981ஆம் ஆண்டில் நம் ஜொகூர் பாருவில் 'சர்ச்' என்னும் மலாய் ராக் குழு தோன்றியது. 1989ஆம் ஆண்டில் வந்த 'இசபெல்லா' பாடல் இந்தோனேசியா வரை புகழ் பரப்பியது. தோட்டத்துத் தமிழ் இளைஞர்களும் கித்தாரை எடுத்து மலாய் ராக் பாடினார்கள். 1992ஆம் ஆண்டில் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசாங்க வானொலி, தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று தடை வந்தது. 'சர்ச்', 'விங்ஸ்' குழுவினர் முடியை வெட்டிக்கொண்டார்கள். முடி குறைந்தது, பாட்டின் மீதிருந்த ஆசை குறையவில்லை. கேஸ்கர் காலத்துக் கதை நினைவுக்கு வருகிறதல்லவா?

பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டின் எல்லா இனத்தாரையும் கவர்ந்தார்கள். 2006ஆம் ஆண்டில் யோகி பியும் நட்சத்திரா குழுவும் 'வல்லவன்' என்னும் ஆல்பத்தை வெளியிட்டார்கள். மலேசியத் தமிழ் இளைஞர்கள் சொல்லிசை என்னும் ராப் இசையைத் தமிழில் செய்து, தமிழ்நாடு வரை கேட்க வைத்தார்கள். அதிலுள்ள 'மடை திறந்து' 1980ஆம் ஆண்டின் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டை அடிப்படையாகக் கொண்டது. உடனே வழக்கு! "பழைய பாட்டைக் கெடுத்துவிட்டான்கள்" என்றார்கள் ஒரு சாரார். "இதைக் கேட்டுத்தான் பழைய பாட்டையே தேடினோம்" என்றார்கள் இளையவர்கள். தாம் கேட்டு வளர்ந்த பாட்டின் நினைவைக் காக்க நினைத்தவர்கள் முன்னவர்கள். தம் குரலில் தமிழ் பேச நினைத்தவர்கள் பின்னவர்கள். இரண்டும் நியாயந்தான்.

நேயர்களே, எண்பது ஆண்டு வழக்குகளைப் பார்த்துவிட்டோம். இவற்றில் பொதுவாக ஒன்று இருக்கிறது. வழக்காடிய இருவரும் ஒரே தட்டைக் கேட்டிருந்தார்கள். கேட்காத ஒன்றைப் பற்றி நல்ல வழக்கு எழுவதில்லை.

1946 ஏப்ரல் 1ஆம் நாள் மலாயா வானொலி தொடங்கி, நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. அதன் தமிழ்ப் பகுதி தோட்டந்தோறும் கேட்டது. எல்லா வீட்டிலும் பெட்டி இருக்காது. ஒரு வீட்டுப் பெட்டி லயத்துக்கே பாடும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பெரியவர் பாட்டைச் சிறியவர் கேட்டார். சிறியவர் பாட்டைப் பெரியவர் கேட்டார். சண்டையும் வந்தது. அந்தச் சண்டையின் வழியாகவே பாகவதர் பேரனுக்குத் தெரிந்தார். இளையராஜா பாட்டனுக்குத் தெரிந்தார்.

இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி, ஆளுக்கொரு காதுக்கருவி. ஒரே கூடத்தில் நால்வர் உட்கார்ந்து நான்கு பாட்டுக் கேட்கிறார்கள். வீட்டில் சத்தம் இல்லை, சண்டையும் இல்லை. அமைதி நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அப்பாவின் பாட்டு மகனுக்குப் போய்ச் சேரவில்லை. மகனின் பாட்டு அப்பாவுக்கு எட்டவில்லை. கூடவே, அந்தப் பாட்டோடு போக வேண்டிய சொல்லும் கதையும் போகாமல் நின்றுவிடுகின்றன. பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட இக்காலத்தில், பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் இடங்களில் பாட்டும் ஒன்று. அந்த வாசலை நாமே மூடிவிடலாமா?

ஆகவே ஒரு சிறு யோசனையைச் சொல்லி முடிக்கிறோம். வாரத்தில் ஒரு மாலை, வேலையெல்லாம் முடிந்தபின், பெரியவர் ஒரு பாட்டும் இளையவர் ஒரு பாட்டும் எல்லார் காதும் கேட்கப் போடட்டும். முழுவதும் கேட்கும் வரை யாரும் பேச வேண்டாம். பிறகு, "இதில் எந்த இடம் உனக்குப் பிடிக்கிறது? ஏன்?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். குரலா, சொல்லா, மேளமா, நினைவா என்று விடை வரும். எந்த அளவுகோலால் அவர் அளக்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லுங்கள். தகரச் சத்தம், தூக்கப் பாட்டு என்ற சொற்களை மட்டும் சற்று ஒதுக்கி வையுங்கள்.

வழக்கு தீராது. தீரவும் வேண்டாம். சேர்ந்து கேட்டு வழக்காடுகிற வீட்டில் பாட்டு ஒரு தலைமுறையோடு நின்றுபோவதில்லை.